சடையப்பன் தாத்தாவின் இலை

அன்பு மகள் லோஷினிக்கு, தம்போயிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் பேச்சி அத்தையும் முருகன் புண்ணியத்தில் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நகோயாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், போன வாரம் அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள், அதனால் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கையால் எழுதுகிறேன், வரி வளைந்தால் பொறுத்துக்கொள்.

ரியோதாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், தீபாவளிக்கு அழைத்து வருகிறேன், அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் அப்பா என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாய். எஞ்சினியர் மூளை என்றால் அதுதான். எனக்கும் அம்மாவுக்கும் பையனைப் பிடித்துவிட்டது, வீடியோவில் அவன் குனிந்து குனிந்து வணக்கம் வைத்ததில் எனக்குத்தான் இடுப்பு வலித்தது. ஆனால் அத்தை தாயின் வயிற்றில் இருந்தபோதே அவருடைய அப்பாவை, அதாவது என் தாத்தா சடையப்பனை, ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அத்தை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னால் மீற முடியாது, அது உனக்கும் தெரியும். அதனால்தான் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ரியோதாவுக்கு நீ சரியாகச் சொல்ல வேண்டுமே என்று எழுதுகிறேன். இன்றைக்குப் பண்டார் தெங்காரா இருக்கும் பக்கம் அப்போது ரப்பர் தோட்டம். ஆசியா ஆசியர்களுக்கே என்று ஜப்பான்காரர்கள் வந்தார்கள், தோட்டத்தில் சிலர் கைதட்டினார்கள், தாத்தாவும் தட்டினாராம். பிறகு பிள்ளைகளைத் தினமும் காலையில் சூரியக் கொடிக்குக் குனிய வைத்தார்கள், அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, அப்புறம் ஆள் எடுக்க லாரி வந்தது. மூன்று மாத வேலை என்று சொல்லித் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசித்தார். லாரி ஏறும்போது தாத்தா பாட்டியிடம், தீவாளிக்கு வந்துர்றேன், எனக்கும் எல போட்டு வை என்று சொல்லிவிட்டுப் போனார். அவரோடு போனவர்களில் இரண்டு பேர்தான் திரும்பினார்கள், அவர் என்ன ஆனார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் தீபாவளிக்கு முதல் நாள் நம் வீட்டில் இறந்தவர்களுக்கெல்லாம் படங்களுக்கு முன்னால் படையல், சடையப்பன் தாத்தாவுக்கு மட்டும் பந்தியில் நம்மோடு சேர்த்து இலை. கல்யாணமான முதல் வருஷம் உன் அம்மா தெரியாமல் அவர் இலையைப் படங்களுக்கு முன்னால் வைத்துவிட்டாள், அத்தை மூன்று நாள் அவளோடு பேசவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அந்த இலையைக் காலி செய்வது நான். என் தொப்பையில் பாதி அவருடையது, அம்மாவிடம் எடுத்துச் சொல்.

போன வெள்ளிக்கிழமை அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், தெப்ராவ் ரோட்டில் ஒரு மணி நேரம் ஜாம். கடுப்பில், இந்த நாட்டுக்கு அடிச்சுத் திருத்துற ஒருத்தன் வேணும் லா என்று சொல்லிவிட்டேன். அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே, அப்படி வந்தவனுக்குக் கைதட்டிட்டுத்தான்டா எங்கப்பா லாரி ஏறுனாரு, நீ ரோட்டப் பாத்து ஓட்டு என்றார். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு இனி என்ன என்று உன் விஷயத்தை எடுத்தேன். அதிலும் தைரியம் போதாமல், பையன் பார்க்கச் சீனப் பையன் மாதிரி இருப்பான் என்று ஆரம்பித்தேன். ஜப்பான்ல வேல பாக்குற பிள்ளைக்குச் சீன மாப்பிள்ள எங்கேர்ந்துடா கெடச்சான், எனக்குக் கண்ணுலதான் பொர, காதுல இல்ல என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேச்சில்லை, மறுநாளும் இல்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது மகளே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே, அந்தப் பையன் வீட்ல யாரும் சண்டைக்குப் போனாங்களா என்று கேட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். அவனுடைய கொள்ளுத்தாத்தாவையும் கையில் கொடியைக் கொடுத்துப் பர்மாவுக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்த பெட்டியில் எலும்புக்குப் பதில் ஒரு கல்தான் இருந்தது என்றேன். கல்லா, கல்லா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, இந்த வருசம் எங்கப்பா எலையப் பந்தியில போடாத, படத்துக்கு முன்னால போடு என்றார். உன் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எலைய நீங்க யாரும் தொடாதீங்க, அந்தப் பையன் எடுத்து வைக்கட்டும், ஒரு ஜப்பான்காரன் கூட்டிட்டுப் போனான், இன்னொருத்தன் கொண்டாந்து வீட்ல விடட்டும் என்றார். நான் காரைக் கழுவுகிறேன் என்று வெளியே போய் அழுதேன், கழுவிய காரையே திரும்பவும் கழுவினேன்.

ஆகவே தைரியமாக அழைத்து வா. வாழை இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவனுக்கு இப்போதே பழக்கிவிடு, அத்தை அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் வாழ எங்கள் மூவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவன் கொள்ளுத்தாத்தாவுக்குச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுது, அந்தக் கல்லுப் பெட்டிக்காரருக்கும் ஓர் இலை போட வேண்டுமாம், அத்தை உத்தரவு. பச்சை மீன் என்று மட்டும் சொல்லிவிடாதே, கடைசியில் இரண்டு இலையையும் முடிப்பது நான்தான்.

என்றும் உன் நினைவுடன்,
அப்பா குணாளன்