மாடி ஏறாமல் போட்ட கையெழுத்து

என் உசுருக்கு உசுரான ஈஸ்வரி மதினிக்கு,

உங்க நாத்தனா வர்ணம் எழுதுறேன். "சௌக்கியமா மதினி"ன்னு எழுத வந்த கையை நிறுத்திக்கிட்டேன், பழக்கதோஷம் பாருங்க. ஐப்பசி மழையோட நீங்க போனீங்க. இங்கே இப்போ பங்குனி வெயில் மண்டையைப் பிளக்குது.

இந்த அஞ்சு மாசமா ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள்ளே பூட்டி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். போன ஞாயித்துக்கிழமை அதை அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம். ஊரே படிச்சாலும் படிக்கட்டும். ஊருக்கும் தெரிய வேண்டியதுதான்.

வீட்டு நடப்பை முதல்ல சொல்லிடுறேன், இல்லைன்னா நீங்க மேற்கொண்டு கேக்க மாட்டீங்க. நம்ம பொண்ணு திவ்யா பன்னிரண்டாவது பரீட்சையை எழுதி முடிச்சுட்டா. சமையலும் அவதான். குழம்பு ஒரு நாள் நாக்கைச் சுண்டுற புளிப்பு, ஒரு நாள் வெறும் தண்ணி. அண்ணன் எது வச்சாலும் சாப்பிட்டுட்டு லோடு ஆட்டோவை எடுத்துக்கிட்டு சிம்மக்கல் போயிடுறாரு. நீங்க வேலை பார்த்த பேப்பர் கப்புக் கடை இருக்கிற தெருவுக்குள்ளே மட்டும் போறதில்லையாம். அந்தப் பக்கம் லோடு வந்தா வேற ஆளுக்கு விட்டுடுறாராம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வேற யாராவது படிச்சா அவங்களுக்கும் புரியணுமே, அதுக்காகச் சொல்றேன். வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கான்னு பார்க்கிறவ நான். ஆனையூரில் பஞ்சவர்ணம்னு கேட்டா யாருக்கும் தெரியாது, கொசுக்காரம்மான்னு கேட்டாத்தான் வீட்டைக் காட்டுவாங்க. டிரம், தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, மாடியில் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டைன்னு எல்லாத்திலேயும் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். புழு இருந்தா தண்ணியைக் கொட்டச் சொல்லணும், கொட்ட முடியாததில் மருந்து ஊத்தணும். பார்த்து முடிச்சுக் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும். வாரத்துக்கு ஒரு தடவை. உங்க வீட்டுக்கு வியாழக்கிழமை காலையில், நீங்க ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி.

"வாத்தா வர்ணம், ஊருக் கொசுவையெல்லாம் பிடிச்சு முடிச்சிட்டியா? உக்காரு, டீ கொதிக்குது."

"மாடிக்குப் போயிட்டு வந்துர்றேன் மதினி."

"அங்க என்னத்த இருக்கு? உங்க அண்ணன் போட்டு வச்ச கிழிஞ்ச தார்ப்பாயும் நீ குடுத்த அண்டாவும்தான். முட்டிவலி முட்டிவலின்னு நேத்துத்தான அழுத? நான்தான் தினமும் பாக்குறேன்ல, உக்காருத்தா."

நானும் உக்காந்துடுவேன். மாடிக்குப் போறேன்னு சொல்றதே ஒப்புக்குத்தான். நீங்க கையைப் பிடிச்சு இழுக்கணும்னு எதிர்பார்த்துத்தான் சொல்லுவேன். டீயைக் குடிச்சுக்கிட்டே, திவ்யாவைப் பத்தியும் என் மாமியாரைப் பத்தியும் பேசிச் சிரிச்சுக்கிட்டே, அட்டையை எடுத்து 'புழு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்லை மதினி. அந்த மழைக்காலம் முழுக்க.

அந்த அண்டா உங்களுக்கு எம்புட்டு ஒசத்தின்னு எனக்குத் தெரியும். திவ்யா சடங்குக்கு அத்தை சீரா நான் தூக்கிட்டு வந்தது. எவர்சில்வர், ஆறு குடம் பிடிக்கும். 'திவ்யாவுக்கு அத்தை பஞ்சவர்ணம் அன்பளிப்பு'ன்னு புள்ளி புள்ளியாப் பேர் வெட்டிக் கொடுத்தேன். ஆனையூர் போர்த் தண்ணி உப்பு, பருப்பு வேகாது. அதனால மழை பெய்யும்போதெல்லாம் அண்டாவை மாடியில் வச்சுத் தண்ணி பிடிப்பீங்க. "மழைத்தண்ணியில பருப்பு மெழுகா வேகுது பாரு"ன்னு எனக்கும் சாம்பார் ஊத்துவீங்க. அதோட மூடியை யாரோ காதுகுத்துக்கு இரவல் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரவே இல்லை. அதுக்குப் பதிலா ஒரு பழைய தாம்பாளத்தை வச்சு மூடியிருந்தீங்க. ஒரு பக்கம் நெளிஞ்ச தாம்பாளம், விரல் நுழையுற சந்து.

அடுத்த தெருவில் பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்து போட்டிருந்தா நான் என்ன பாடு படுத்துவேன்! "இந்தக் கொசு சாக்கடையில முட்டை போடாதும்மா, நல்ல தண்ணியைத்தான் தேடி வரும், ஒரு மூடி தண்ணி போதும் அதுக்கு"ன்னு பாடம் எடுப்பேன். என் பேர் வெட்டின பாத்திரத்தில் புழு வரும்னு எனக்குத் தோணவே இல்லை. சீர் கொடுத்த அண்டாவை டார்ச் அடிச்சுப் பார்க்கிறதே ஒரு மாதிரி மரியாதைக் குறைச்சலா இருந்துச்சு. என்ன புத்தியோ எனக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சது. கண்ணுக்குப் பின்னாடி குத்துது, மேலெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல இருக்குன்னு சொன்னீங்க. டாக்டர் ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்தாரு, தீபாவளி நேரம் கடையில் ஆள் இல்லைன்னு தள்ளிப் போட்டீங்க. "ராத்திரி கொசுவலை கட்டித்தான படுக்குறேன், எனக்கு எப்படித்தா டெங்கு வரும்?"னு கேட்டீங்க. அது பகல்ல கடிக்கிற கொசு மதினின்னு சொன்னேன். யாரோ காய்ச்சல்காரங்களைக் கடிச்சுட்டு உங்களை வந்து கடிச்சிருக்கும்னும் சொன்னேன். அப்பக்கூட நான் மாடியை நினைக்கலை.

சனிக்கிழமை காலையில் போன் போட்டீங்களே. "காய்ச்சல் விட்டுருச்சுத்தா. மேலு ஜில்லுன்னு இருக்கு. கடைக்குப் போறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாடா, பாத்துப் போங்க மதினி." காய்ச்சல் விட்ட அன்னைக்குத்தான் உஷாரா இருக்கணும், வயிறு வலிச்சாலோ வாந்தி வந்தாலோ கை கால் சில்லிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு நாள் முழுக்க வாசல் வாசலா நின்னு கத்துற வாய் இது. தன் வீட்டுக்கு வந்தப்போ அப்பாடான்னு சொல்லுச்சு. மத்தியானம் கடையிலேயே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்களாம். பெரிய ஆஸ்பத்திரியில் அம்புட்டுப் பேரும் ராப்பகலாப் பாடுபட்டாங்க. திங்கக்கிழமை எல்லாம் முடிஞ்சுபோச்சு.

மூணாம் நாள், வீடு முழுக்கச் சொந்தபந்தம். காய்ச்சல்ல ஒருத்தர் போன வீடுன்னா சுத்துப்பட்டு எல்லா வீட்டையும் பார்க்க எங்க ஆளுங்க வருவாங்க. என்கூட வேலை பார்க்கிற ஜோதி வந்தா. அவ மாடிக்குப் போன கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து "அக்கா, இங்க வாங்க"ன்னா. போனேன். தாம்பாளத்தைத் தூக்கிப் பிடிச்சிருந்தா. தெளிஞ்ச தண்ணி, அடி வரைக்கும் தெரியுது, அதில் நூத்துக்கணக்கில் நெளியுது. ஜோதி அண்டாவில் இருந்த பேரை வாசிச்சா, என் மூஞ்சியைப் பார்த்தா. "உங்க மதினியைக் கடிச்சது இதுல பிறந்ததா, கடையில பிறந்ததான்னு யாருக்கும் தெரியாதுக்கா. இப்ப வீட்டுல சொல்லாதீங்க"ன்னு மெதுவாச் சொல்லிட்டுத் தண்ணியைக் கவுத்தா.

நான் கீழே வந்தேன். கதவுக்குப் பின்னாடி இருந்த அட்டையைக் கழட்டி என் பைக்குள்ளே சொருகிக்கிட்டேன். அழுதுகிட்டு நிக்கிற கூட்டத்துக்கு நடுவில் திருடி மாதிரி எடுத்தேன் மதினி. திவ்யா மட்டும் மறுவாரம் கேட்டா, "அத்த, அட்டை எங்க?" புது அட்டை வரும்டான்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

அதோட போயிருந்தா நான் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னமோ. ஆனா அண்ணனுக்கு யார் மேலேயாவது கோபப்பட வேண்டியிருந்தது. எதிர்வீட்டு டெய்லர் வாசலில் சாக்கடை தேங்குமே, அதுமேல பழி விழுந்துச்சு. "உன் சாக்கடைதான்டா எம்பொண்டாட்டியக் கொன்னுச்சு"ன்னு தெருவே கூடி நிக்க அந்த மனுஷன் சட்டையைப் பிடிச்சுட்டாரு. அந்தத் தண்ணி நம்ம பக்கம் வரக் கூடாதுன்னு அண்ணன் செங்கல்லை வச்சு வாய்க்காலை அடைச்சுட்டாரு. அழுக்குத் தண்ணி அவங்க வீட்டுக்குள்ளேயே ஏறுச்சு. நான் பக்கத்தில் நின்னேன். 'சாக்கடையில் இந்தக் கொசு வளராது அண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அப்படின்னா எங்கே வளர்ந்துச்சுன்னு அடுத்துக் கேப்பாரே? அதனால வாயைப் பொத்திக்கிட்டேன்.

மாசியில் ஒரு நாள் டெய்லர் சம்சாரம் என்னை வழியில் மறிச்சாங்க. "கொசுக்காரம்மா, நீங்கதான எங்க வீட்டு வாசல்ல நின்னு சாக்கடையில இந்தக் கொசு வராதுன்னு சொன்னீங்க? உங்க அண்ணன்கிட்ட அதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்க பிள்ளைங்க அந்த நாத்தத்துலதான் சாப்பிடுதுங்க." அந்தம்மா கோபமாப் பேசலை, கெஞ்சினாங்க. அடுத்த வீடு பார்க்கணும்னு சொல்லி நழுவி வந்துட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கலை. அதுக்கப்புறமும் மூணு வாரம் ஓட்டினேன்னா என் தைரியத்தைப் பார்த்துக்கங்க.

ஞாயித்துக்கிழமை காலையில் அட்டையை எடுத்துக்கிட்டுப் போனேன். திவ்யாவும் இருந்தா. அண்ணன் கையில் கொடுத்தேன். தேதி தேதியா விரல் வச்சுப் பார்த்தாரு.

"இந்த நாளெல்லாம் நீ மேல போனியா?"

"இல்லண்ணே."

"ஒரு நாளாவது?"

"ஒரு நாளும் போகலண்ணே. அண்டாவுல புழு இருந்துச்சு. ஜோதி பாத்தா. நானும் பாத்தேன்."

கத்துவாருன்னு நினைச்சேன், அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு இருந்தேன். ஆனா அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வெளியே போனாரு. வாய்க்காலில் இருந்த செங்கல்லை ஒவ்வொண்ணாத் தன் கையாலேயே எடுத்துப் போட்டாரு. டெய்லர் வெளியே வந்து பார்த்தாரு. "தப்பா நெனச்சுட்டேன்ணே"ன்னு அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. திரும்பி வந்து, கை கழுவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாரு. "வீட்டுக்குன்னு இனிமே வராத. வேலைக்குன்னா வா. வியாழக்கிழமை வந்து மேல பாத்துட்டுப் போ."

உங்களுக்கு அப்புறம் எனக்குப் பிறந்த வீடுன்னு இருந்ததே அந்த வாசல்தான் மதினி. அவர் சொன்னது தப்புன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? நீங்க இருந்திருந்தா யார் பக்கம் பேசியிருப்பீங்க?

நேத்து வியாழக்கிழமை. மத்த வீட்டில் நிக்கிற மாதிரியே வாசலில் நின்னு "கொசுப்புழு பாக்க வந்திருக்கேன்"னு குரல் கொடுத்தேன். அண்ணன் ஒதுங்கி வழி விட்டாரு. ஏறினேன். பதினேழு படி மதினி. எண்ணிக்கிட்டே ஏறினேன். பதினேழே பதினேழு படி.

அண்டா கவுத்து வச்சிருக்கு, என் பேர் மேலே வெயில் அடிக்குது. தார்ப்பாயை உதறினேன், அதோட மடிப்பைக்கூட விரிச்சுப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குக் கீழே டார்ச் அடிச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. கீழே வந்தேன். திவ்யா புது அட்டையையும் பேனாவையும் நீட்டினா. 'புழு இல்லை'ன்னு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடுப்பில் டீ கொதிக்கிற வாசம் வந்துச்சு. "அத்த..."ன்னு ஆரம்பிச்சவ அப்பா மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திக்கிட்டா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு டெய்லர் வீட்டுக்குப் போனேன், அடுத்த வீடு அதுதான்.

மதினி, மன்னிச்சுக்கங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை, அதனால ஒண்ணு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மழையோ வெயிலோ, வியாழக்கிழமை தவற மாட்டேன். என்னைக்காவது ஒரு நாள் அண்ணன் மனசு இறங்கி, "உக்காருத்தா, டீ குடிச்சுட்டுப் போ"ன்னு சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். சொன்னாலும் சரி, அன்னைக்கும் அந்தப் பதினேழு படியையும் ஏறி இறங்கிட்டு வந்துதான் உக்காருவேன்.

நீங்க கையைப் பிடிச்சு உக்கார வச்ச
உங்க நாத்தனா
வர்ணம்