முற்றத்துச் சுவருக்குச் சீமெந்து

ஆவணி 9, செவ்வாய். நெடுந்தீவு.

இரண்டு நாள் யாழ்ப்பாணம் போய்வந்தேன். அதற்குள் நான் வடிவமைத்த விடுதி முற்றத்தின் பவளப்பாறை முருகைக்கல்லால் கட்டிய சுவர் முழுவதற்கும் மேசன் சீமெந்து பூசிவிட்டார். அந்தக் கல் தெரியவேண்டும் என்றுதான் எட்டு மாதம் படம் கீறினேன். வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து முதலாளி பார்க்க வருகிறார்.

“ஏன் அண்ணை பூசினீங்கள்?”

“கல்லுத் தெரிஞ்சால் மாட்டுப்பட்டி எண்டெல்லே சனம் சிரிக்கும், பிள்ளை. உமக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் நிண்டு பூசினனான்.”

கொத்தி எடுக்கச் சொன்னேன்.

“ஏலாது. கல்லும் சேர்ந்து உடையும்.” பிறகு கேட்டார், “உம்மட வீட்டுச் சுவர் பூசாமலோ கிடக்கு?”

எங்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு மட்டுமல்ல, இளம்பச்சைப் பெயின்ற்றும் உண்டு. போன வருடம் நிறத்தைத் தெரிவுசெய்ததும் நான்தான்.