அஸ்கா

1979 ஜூலை 18, புதன்

ஆடிக் காற்று. மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் வரை பஸ் முழுக்கப் புழுதி. ஆய்வுக்கூடத்தில் பாக்கி: பதினேழாம் குழாய் மட்டும்.

குழாய்களில் நான் வளர்க்கும் பாக்டீரியா சிக்கனமான உயிர். பால் சர்க்கரை வந்தால்தான் அதைச் செரிக்கும் நொதியைச் செய்யும். மற்ற நேரம் ஒரு காவல் புரதம் அந்த மரபணுக்களை மறித்து உட்கார்ந்திருக்கும். காவலைச் செய்யும் மரபணுவே கெட்டுவிட்டால்? சர்க்கரை வராமலே நொதி. விருந்தாளி இல்லாமல் தினமும் உலை வைக்கிற வீடு மாதிரி. அப்படி ஒரு பைத்தியத்தைத்தான் ஆறு மாதமாகத் தேடுகிறேன்.

கிடைத்தால் மெட்ராஸில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு எங்கள் பேராசிரியர் சார் கடிதம் எழுதுவார். திங்கள் தபாலில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் கோழிப்பண்ணை.

19, வியாழன்

மஞ்சள்! பாக்டீரியா வளரும் கரைசல், சர்க்கரை இல்லாத மீடியம்; அதில் சோதனை மருந்து ஐந்து சொட்டு. நொதி இருந்தால்தான் மஞ்சள். பக்கத்தில் சாதாரண பாக்டீரியா, தண்ணீராகத் தெளிவு. சார் பார்த்தார். "இன்னிக்கே எழுதிடறேன்மா."

பஸ்ஸில் நின்றே வந்தேன், கால் வலி தெரியவில்லை. வெளியே ஆவாரம்பூ, லாரி நெற்றி, யாரோ காயப்போட்ட சேலை, எல்லாம் மஞ்சள். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் அம்மா: "கனாக் கண்டுக்கிட்டே திங்கறயா சாமி?"

20, வெள்ளி

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், செருப்பு வார்.

மீடியம் காய்ச்சுகிற உதவியாளர் மாரப்பண்ணாவிடம் சும்மாதான் கேட்டேன். பதினேழுக்குச் சர்க்கரை போடவில்லையே?

"ஒரு துளி சக்கரை போடலீங்க அம்மணி. அதுக்குப் பதிலா புட்டி அஸ்காதான் போட்டனுங்க."

எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் பழுப்பு நாட்டுச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பதெல்லாம் அஸ்கா. பால் சர்க்கரைப் புட்டியிலும் வெள்ளைப் பொடிதான். நான் அவருக்குச் சீட்டில் எழுதியது 'சர்க்கரை வேண்டாம்'. வெள்ளையைச் சர்க்கரை என்று எழுதி, மெட்ராஸ் போகும் முன்பே மெட்ராஸ்காரி ஆகிவிட்டேன்.

தெளிவாக நின்ற குழாயில் போன வாரம் நானே காய்ச்சிய மீடியம். பதினேழு மட்டும் புதுசு. பால் சர்க்கரை கிடைத்தால் சாதாரண பாக்டீரியாவும் மஞ்சள் காட்டும்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் நின்று, பனமரத்துப்பட்டிப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. ஆசையாக இருந்தது, ரொம்ப ஆசையாக.

போய்ச் சொன்னேன். சார் கடிதத்தை நாலாகக் கிழித்தார். மாரப்பண்ணாவைத் திட்ட வேண்டாம், தப்பு என் சீட்டில் என்றேன்.

21, சனி

மறுபடி வளர்ப்பு. மீடியம் நானே. இந்த முறை இரண்டு குழாய்க்கும் ஒரே மீடியம். பால் சர்க்கரைப் புட்டியில் மாரப்பண்ணா சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'அஸ்கா. அம்மணியைக் கேக்காமத் தொடாதே.' அழுகையும் சிரிப்பும்.

23, திங்கள்

காற்று நின்றிருக்கிறது. மருந்து விட்டேன். சாதாரணக் குழாய், தெளிவு. பதினேழு, முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, மஞ்சள். ஜன்னல் வெயிலோ என்று கதவுப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள்தான். உலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, யாரும் வராமலே.

மூன்றரைக்குத் தபால் எடுப்பார்கள். கிழித்த சாரே மேஜை மேஜையாக வெள்ளைத் தாள் தேடுகிறார்.