வருகைப் பதிவேடு அனுப்ப இயலாது

மார்ச் 4

அன்புள்ள பிரம்புக்கு,

தலைமையாசிரியை அம்மாவை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று முறைக்காதே. பள்ளி விடுதியில் நான் வைத்த பெயர், மாறாது. நாங்கள் உதவி கேட்டு விண்ணப்பித்த நிதிக் குழுவில் நீ இருக்கிறாய் என்று நேற்றுதான் தெரிந்தது. முடிவு வரும்வரை விண்ணப்பித்தவர்களோடு ஃபோனில் பேசக்கூடாதாம், எல்லாம் எழுத்தில்தானாம். சரி, பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்தைத் திட்டாதே.

எங்கள் மையம் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. வலி மாத்திரைக்கு அடிமையான பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் வருகிறார்கள். எல்லாம் பதினெட்டு, இருபது வயது. ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தவர்களே பாதிப் பேர். தினமும் காலை ஏழு மணிக்கு மாற்று மருந்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அது கரையும்வரை நர்ஸான என் கண்ணெதிரே அவர்கள் உட்கார வேண்டும். பேசக்கூடாது. பத்து நிமிஷம் நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றால் நம்புவாயா?

இப்போது உதவுகிறவர்கள் ஜூனோடு நிறுத்துகிறார்கள். நீங்களும் கைவிட்டால் ஜூலையில் பூட்டுதான். தோழி என்று பார்க்காதே. ஒழுங்காகப் படி, போதும்.

உன்
ஓட்டைவாய்

மார்ச் 11

அன்புள்ள ஓட்டைவாய்க்கு,

படித்தேன், இரண்டு தடவை. நாம் பழைய தோழிகள் என்பதைக் குழுவில் முதலிலேயே சொல்லிவிட்டேன். “அவ வாயில ரகசியம் நிக்காதுங்க, அவளை வச்சு யாரும் திருட்டுத்தனம் பண்ண முடியாது” என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்டிருந்தால்தான் விலக வேண்டுமாம். தோழி பரவாயில்லையாம்.

எனக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேச வரும். பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்பு என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாயே, அது அருமை. ஆனால் ஒரு மாத்திரையை விடுவதற்கு இன்னொரு மாத்திரையா? நல்ல வீட்டுப் பிள்ளைகள் இதில் போய் விழுவார்களா? என் மகனையே எடுத்துக்கொள். போன வருஷம் முட்டி ஆபரேஷனுக்கு அதே மாத்திரைதான் கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டான், விட்டான். இப்போது காலை ஆறரைக்கே ஓடப் போகிறான். எல்லாம் வளர்ப்பில் இருக்கிறதடி.

இன்னொன்று. இருபத்து மூன்று பேர் என்கிறாய், சாட்சி எங்கே? பெயர், கையெழுத்தோடு வருகைப் பதிவேட்டின் நகல் அனுப்பு. நான் பள்ளிக்கூடத்துக்காரி. பதிவேட்டைப் பார்க்காமல் மார்க் போட மாட்டேன்.

அன்புடன்
பிரம்பு

மார்ச் 15

அன்புள்ள பிரம்புக்கு,

வருகைப் பதிவேடு அனுப்ப இயலாது. பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கை மட்டும் மாத வாரியாக வைத்திருக்கிறேன், டாக்டர் கையெழுத்தோடு.

வருமுன் காப்பது நல்லதுதான். வந்துவிட்டவனை என்ன செய்யச் சொல்கிறாய்? மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு பழைய மாத்திரையைத் தேடும். இடைவெளி விட்டுப் பழைய அளவையே விழுங்கினால் மூச்சு நின்றுவிடும். போன வருஷம் எங்கள் பிள்ளை ஒருவன் இரண்டு வாரம் வராமல் நின்றான். பிறகு அவன் அப்பா மட்டும்தான் வந்தார், செய்தி சொல்ல. அவரும் ஆசிரியர்தான். வளர்ப்பைப் பற்றி அவரிடம் போய்ப் பேசு, பார்க்கலாம்.

கோபமாக எழுதிவிட்டேன். அழித்து எழுத மனமில்லை.

ஓட்டைவாய்

மார்ச் 15, மாலை

அடியே,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உன் மகன் ஓடப் போகவில்லை. எட்டு மாதமாக என் எதிரே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டு, “சித்தி, அம்மாகிட்ட சொன்னீங்கன்னா நாளைலேருந்து வரமாட்டேன்” என்றான். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். சொல்ல மாட்டேன் என்று அவன் தலையில் கை வைத்தேன்.

நீ கேட்ட பதிவேட்டில் ஒன்பதாவது பெயர் அவன். நகல் எடுத்து உறையில் போட்டால் போதும், நிதி வந்துவிடும். மறுநாள் அவன் நாற்காலி காலியாகிவிடும். விடுதியில் உன் காதல் கடிதத்தை ஊருக்கே படித்துக் காட்டியவள் நான். இந்த ஒன்றை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு அலைகிறேன். பிரம்பு, உன் பிள்ளைக்குக் குழி தோண்டுகிறாயடி. கையை நிறுத்து.

ஏப்ரல் 2

அன்புள்ள ஓட்டைவாய்க்கு,

பதிவேடு வரவில்லை. அதனால் சிகிச்சைப் பகுதிக்கு என்னால் மார்க் போட முடியவில்லை. பள்ளி வகுப்புகளுக்கு மட்டும் பரிந்துரைத்திருக்கிறேன். மற்றவர்களும் என் பேச்சை ஒப்புக்கொண்டார்கள். இறுதி முடிவு மாதக் கடைசியில் வரும். மனதில் வைத்துக்கொள்ளாதே.

பிரம்பு

ஏப்ரல் 19

ஓட்டைவாய்க்கு,

ஜூலையிலிருந்து மையம் இருக்காது என்று நீ பிள்ளைகளிடம் சொன்னாயாம். அன்றைக்கு என் மகன் நேராக என் பள்ளி அறைக்கே வந்துவிட்டான். வெளியே மாணவிகள் நிற்கிறார்கள், கதவைச் சாத்தினான். “அம்மா, நீங்க போட்ட மார்க்குல ஜூலைல நான் எங்க போவேன்?” என்றான். எனக்கு முதலில் புரியவே இல்லை. எந்த மார்க் என்று கேட்டேன். உன் மையத்துக்கு மார்க் போட்ட கதையை வீட்டில் நானே சொல்லியிருந்தேன், அதைத்தான் சொல்கிறான். அப்புறம் உட்கார்ந்து எல்லாம் சொன்னான், ஒன்பது மாதத்தையும். நான் அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. ஓங்கிய கையாலேயே பிடித்துக்கொண்டு அழுதேன்.

“குழுவுல சொல்லுங்கம்மா, பரவால்ல” என்று அவனே சொன்னான். நேற்றுப் பதினொரு பேர் முன்னால் எழுந்து, என் மகன் அங்கேதான் சிகிச்சை பெறுகிறான், நான் விலக வேண்டும் என்றேன். நல்ல வீட்டுப் பிள்ளைகள் பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டவர்கள் அவர்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மார்க்கை அடித்துவிட்டார்கள். வேறொருவர் புதிதாகப் படிக்கிறார். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இனி யாரிடமும் கேட்கவும் முடியாது.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த மார்க்கைப் போட்டிருக்க மாட்டேன். நீ சொல்லாததால்தான் அவன் உயிரோடிருக்கிறான். இரண்டும் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும், உன்னை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றவள் எனக்குத் தெரியாத பிள்ளை உனக்குத் தெரிந்திருக்கிறானே!

திங்கள்கிழமை முதல் நானே அவனை வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன். கீழே சைக்கிள் கடை வாசலில் நிற்பேன். மேலே கூப்பிடாதே. இப்போது உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. என் பிள்ளைக்கு மட்டும் மருந்தைக் கொடுத்து அனுப்பு.

பிரம்பு