பொட்டு வைத்த கேமரா

காப்பார்,
வியாழக்கிழமை, காலை மணி ஏழரை.

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதுவது.

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் கிறைஸ்ட்சர்ச் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். மனசைப் பற்றி மட்டும் இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் ஒரு காரியம் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஒரு பாவமும் அறியாத நாய் செத்துப்போகும். செய்தால் நம் நாய் பிளாக்கியின் கதி என்ன ஆகும் என்று தெரியாது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழுவாய், நீ அழுதால் நான் போகமாட்டேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாவின் ஆட்டுக்குட்டிகள் இரண்டை ஏதோ கடித்துப் போட்டது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா. புருஷன் போன பிறகு அந்த அம்மாவுக்கு ஆடுகள்தான் எல்லாம். குட்டி பிறந்தால் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் சின்ன மணி கட்டி, பெயர் வைத்துக் கூப்பிடுவார். இரண்டாவது குட்டி போனதும் நேராக நம் வாசலில் வந்து நின்று, உங்கள் பிளாக்கிதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. என் நாய் ராத்திரியில் அடுக்களைப் பின்புறம் படுத்தால் விடிந்துதான் எழும் என்று தெருவே கேட்கக் கத்தினேன். பின்னால் செம்பனைத் தோட்டம் இருக்கிறது, காட்டுப்பன்றி வருகிறது, மலைப்பாம்பு வருகிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு என் நாயைச் சொல்வதா என்று கேட்டேன். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சவாலும் விட்டேன். தோட்டத்து மிருகங்களைப் பார்க்க ஒரு கேமரா மாட்டுங்கள் என்று நீ இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாளே கொமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஷபீர் என்று ஒரு தம்பி அங்கே கேமரா கடை வைத்திருக்கிறார், என்னோடு மின்நிலையத்தில் வேலை பார்த்த அப்துல் ரஹ்மானின் மகன். மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்று சிம் கார்டு போட்டால் படத்தைக் கைப்பேசிக்கே அனுப்புமாம், நம் வீட்டுப் பின்புறத்தில் லைனே கிடைக்காது என்று வேண்டாம் என்றேன். இன்னொன்று சோலார், வைஃபை, ஒரு ஆப், ஒரு பாஸ்வேர்டு. மிருகம் வருவதற்குள் நான் பாஸ்வேர்டை மறந்துவிடுவேன். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பச்சைப் பெட்டி, எட்டு பேட்டரி, ஒரு மெமரி கார்டு, மரத்தில் கட்ட ஒரு வார். சூடான உடம்பு முன்னால் அசைந்தால் தானே மூன்று படம் எடுத்து, தேதியும் நேரமும் கீழே அச்சடித்துவிடும். இருட்டில் அது விடும் வெளிச்சம் மிருகத்தின் கண்ணுக்கே தெரியாதாம். நீ வாங்கினாலும் இப்படி ஒன்றையே வாங்கு, படம் எத்தனை மெகாபிக்சல் என்று பெருமை பேசுவதைக் காதில் வாங்காதே, அசைந்ததும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறது என்று மட்டும் கேள். ஷபீர் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார், மாட்டியதும் டெஸ்ட்டில் வைத்து முன்னால் நடந்து பாருங்கள் அங்கிள், சின்ன லைட் மின்ன வேண்டும் என்று. முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸில் மெஷின் பார்த்தவனுக்கு இந்தத் தம்பி பாடம் நடத்துகிறாரே என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துச் சூடம் காட்டினாள். புதுப் பொருள் எது வந்தாலும் அவளுக்கு அது வழக்கம்தானே, உன் முதல் லேப்டாப்புக்கும் சந்தனம் வைத்தவள். மேலே உள்ள கண்ணாடியில் வைத்தால் படம் மறைந்துவிடும் என்று அவளே யோசித்து, அதற்குக் கீழே நெற்றி போல உருண்டையாக வெள்ளையாக இருந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். லட்சணமாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அப்படியே கொண்டுபோய் மாமரத்தில், நம் வேலிக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் சந்துப் பக்கம் பார்த்துக் கட்டினேன். நம் பின்புறத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ கொட்டகைக்குப் போக அது ஒன்றுதான் வழி.

முதல் நாள் காலையில் கார்டை எடுத்துப் பார்த்தேன், ஒரு படமும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது வள்ளியம்மாவின் அலறல் கேட்டது, இன்னொரு குட்டி போயிருந்தது. ஓடிப்போய்க் கார்டை எடுத்தேன், அன்றும் ஒன்றும் இல்லை. தாமரை, அந்த நேரத்தில் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா, குட்டி செத்துக் கிடக்கிறது, நான் கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்களா என்று கேட்கிறேன். பின்பக்கமாக எதுவும் வரவில்லை என்றால் ரோட்டுப் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ரோட்டுப் பக்கம் அவிழ்த்துவிட்ட நாய் என்றால் குருவின் சீசர் ஒன்றுதான். குரு பண்டமாரானிலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன், நாள் கணக்கில் வீட்டில் இருக்கமாட்டான். வள்ளியம்மா புகார் கொடுத்தார், போன வியாழக்கிழமை நாய் பிடிக்கிறவர்கள் வந்து சீசரைக் கொண்டுபோனார்கள். குரு என்னைப் பார்த்து, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணே,” என்று மட்டும் சொன்னான். அன்று சாயங்காலம் வள்ளியம்மா உங்களைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று கேசரி செய்து கொண்டுவந்தார். அதையும் வாங்கித் தின்றேன்.

முந்தாநாள் ஷபீர் போன் செய்து, தோட்டத்து மரநாய் மூசாங் ஏதாவது மாட்டியதா என்று விசாரித்தார். ஒன்பது நாளாக ஒரு படமும் இல்லை தம்பி என்றேன். உடனே, “காலையில கார்டு எடுக்கப் போறப்போ நீங்களாவது அதுல விழுந்திருக்கணுமே அங்கிள்,” என்றார். தினமும் அதன் முன்னால் போய் நின்றவன் நான், என்னையே அது பார்க்கவில்லை, அது எனக்கு உறைக்கவும் இல்லை. அசைவைக் கண்டுபிடிக்கிற இடமே அந்த வெள்ளை உருண்டைதானாம். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கிடந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு முன்னால் நடந்தேன், சின்ன லைட் மின்னியது.

நேற்றுக் காலை கார்டில் முப்பத்தாறு படம். நீ பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் இருந்தது. நீள வாலோடு ஒரு மூசாங் வேலி மேல் நடந்து போகிறது, ஒரு பன்றி நான்கு குட்டிகளோடு மண்ணைக் கிளறுகிறது. வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். கடைசி ஆறு படத்தில் பிளாக்கி. மணி 4.52-க்கு வேலிக்கு அடியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போகிறான். குட்டிகளை இப்போது வள்ளியம்மா வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார், அதனால் 5.10-க்கு வெறும் வாயோடு திரும்பி வருகிறான், வந்து பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிறான். நான் அங்கே போய் மண்ணைத் தோண்டினேன். சிவப்புக் கயிறும் மணியும், செத்த மூன்று குட்டிகளுடையதில் இரண்டு கிடைத்தன.

பிடித்த நாயை ஒரு வாரம்தான் வைத்திருப்பார்களாம், இன்று பன்னிரண்டு மணிக்கு மேல் சீசரை உயிரோடு வைத்திருக்க மாட்டார்கள். வள்ளியம்மா புகாரைத் திருப்பி வாங்கினால்தான் குரு கூட்டிவர முடியும். மறைக்காமல் சொல்கிறேன் தாமரை, நேற்றுப் பகல் முழுக்க அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் ஆறு படமும் போய்விடும். பிளாக்கியை இனிமேல் கட்டிப்போட்டால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. பாசாரில் அட்டைப்பெட்டியில் கிடந்தவனை நீ சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தது, ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்து, ராத்திரியில் அவனைக் கட்டாதீர்கள் அப்பா என்று சொன்னது, எல்லாம் நினைவு வந்தது. உன் மேல் பழி போடவில்லை, கட்டாமல் விட்டவன் நான். ராத்திரி உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “நான் வெச்ச பொட்டுல இன்னொருத்தர் வீட்டு நாய் சாகுதுங்க. காலையில போயிடுங்க,” என்றாள். பிறகு விடியும் வரை அவளும் தூங்கவில்லை.

மணி எட்டே கால் ஆகிவிட்டது. இவ்வளவு நீளமாக எழுதுவதே தள்ளிப்போடத்தான் என்று எனக்கே தெரிகிறது. முதலில் வள்ளியம்மா வீடு, பிறகு குருவை அழைத்துக்கொண்டு சீசரைக் கூட்டிவரப் போக வேண்டும், போகிற வழியில் இதைத் தபாலில் போடுவேன். பிளாக்கியையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன், ஒளித்து வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. கூண்டு கட்டி அடைத்து வைக்கிறேன் என்று கெஞ்சுவேன். வள்ளியம்மா கேட்பாரா, இவனையும் கொண்டுபோகச் சொல்வாரா, தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவன் இருக்கிறானா இல்லையா என்று போனில் கேட்டு உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது. மணிகள் இரண்டும் சட்டைப்பையில் இருக்கின்றன. சங்கிலியை எடுத்ததைப் பார்த்துவிட்டு, உலாத்தக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்து, வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத மனசோடும் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். அங்கே உன் தோட்டத்துக்கும் ஒரு கேமரா வாங்கப்போவதாகச் சொன்னாயே, வாங்கினால் மறக்காமல் முதலில் நீயே அதன் முன்னால் நடந்து பார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தம்புசாமி