ஒரு விரற்கடை

பீளமேடு,
8-6-96

அன்புள்ள மாமாவுக்கு,

ராமாமணி எழுதுவது. நான் இங்கே சுகம். நம்ம பாப்பா கீதா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

இந்தக் கொத்தனார் பயிற்சி விடுதியில் பன்னிரண்டு பெண்கள், எல்லாருமே சித்தாள் வேலை பார்த்தவர்கள். கல்யாணமானதிலிருந்து ஏழு வருசம் உங்களுக்குக் கலவை போட்டுக் கொடுத்திருக்கிறேன், கலவை பூசும் கரணையை ஒருநாளும் பிடித்ததில்லை. இப்போது உள்ளங்கையெல்லாம் கொப்பளம். நாலு மாதத்தில் கொத்தனார் என்று சான்றிதழ் தருவார்களாம். வந்ததும் உங்களோடு சாரத்தில் ஏறி நானும் சுவர் கட்டுவேன், சிரிக்காதீர்கள்.

உங்கள் ராமாமணி

வெள்ளகோவில்,
14-8-96

ராமாமணிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, சாரத்தை விட்டு இறங்க நேரமில்லை. சிரிக்காதே என்றால் எப்படி? நீ சாரம் ஏறினால் கீழேயிருந்து கல் எடுத்துக் கொடுப்பது யார், நானா? சான்றிதழை வாங்கிக்கொண்டு வா, சுவரில் மாட்டிவைப்போம்.

புதுச் சித்தாள் போடும் கலவை ஒருநாள் கஞ்சி, ஒருநாள் கட்டி. ஈஸ்வரமூர்த்திக் கவுண்டர் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. 25ஆம் தேதி ஞாயிறு லீவுதானே, வந்து ஒத்தாசை பண்ணிப்போட்டுப் போ. கீதாவும் உன்னைக் கேட்கிறாள்.

தனபால்

பீளமேடு,
26-8-96

மாமா,

நேற்று பஸ் ஸ்டாண்டு வரை நீங்கள் திரும்பிப் பார்க்காமல் முன்னாலேயே நடந்தீர்கள்.

இங்கே ஆறு வரிசை கட்டினால் தூக்குக்குண்டு போட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், கலவைச் சட்டியை இறக்கி வைத்ததும் கை தானாக உங்கள் பையிலிருந்த குண்டை எடுத்துச் சுவரில் பிடித்துவிட்டது. "மாமா, ஒரு விரக்கடை வெளிய தள்ளியிருக்குதுங்க" என்று வாயும் சொல்லிவிட்டது. கவுண்டர் பின்னால் நின்றது சத்தியமாக எனக்குத் தெரியாது. "ஏம்ப்பா தனபாலு, பொண்டாட்டி வந்துதான் சொல்லோணுமா?" என்று அவர் கேட்டபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

ஆள் முன்னால் சொன்னது என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சுவர் தள்ளித்தான் இருக்கிறது.

ராமாமணி

பீளமேடு,
18-9-96

மாமா,

மூன்று வாரமாகக் கடிதமில்லை. அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது.

முப்பதாம் தேதி பயிற்சி முடிகிறது. சரவணம்பட்டியில் ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு எங்களில் ஆறு பேரைக் கொத்தனாராகவே எடுக்கிறார்கள். 28ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நம்ம ஊரில் உங்கள் பக்கத்தில் நின்று கட்டத்தான் எனக்கு ஆசை. ஆனால் மறுபடி சித்தாளாக வரமாட்டேன். அப்படித்தான் வர வேண்டுமென்றால் சொல்லிவிடுங்கள், கீதாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். ஒரு வரியாவது எழுதுங்கள்.

ராமாமணி

வெள்ளகோவில்,
23-9-96

ராமாமணி கண்ணு,

கீதாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை.

கோபமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பத்து நாள் சோறு இறங்கவில்லை. நீ போன மறுநாளே எட்டு வரிசையைப் பிரித்துப்போட்டுத் திருப்பிக் கட்டினேன். கண்ணளவிலேயே கட்டிப் பழகியதில் குண்டு பையிலேயே கிடந்திருக்கிறது. இதை உனக்கு எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

ஐப்பசியில் கவுண்டரின் தம்பி வீட்டு வேலை நமக்குத்தான். நேற்று கவுண்டர் எத்தனை ஆள் என்று கேட்டார். "சித்தாளு ரெண்டு பேருக்குச் சொல்லிவெச்சிருக்கறனுங்க" என்றேன்.

"கொத்தனாரு?"

"ரெண்டு பேருங்க."

இன்னொருவர் யாரென்றார். உன் பெயரைச் சொன்னேன். ஒரு நிமிசம் என்னையே பார்த்தார். நான் மாற்றிச் சொல்லவில்லை.

சரவணம்பட்டிக்குப் பெயர் கொடுத்துவிடாதே.

உன் தனபால்