தெருவில் ஒரே வீடு

டெனிஸ்,

உன்னை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும், எனக்குத் தெம்பில்லை. அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. பீட்சா கடைக்குப் போய் நிற்காதே, கோடைக்கூட்டம் போனதும் மூடிவிட்டார்கள், இனி மே மாதம்தான் திறப்பார்கள்.

மூன்று மணிக்கு பிரிட்ஜெட்டைப் பள்ளிப் பேருந்திலிருந்து கூட்டி வா. நம் நிறுத்தத்தில் இறங்கும் குழந்தை அவள் ஒருத்திதான்.

குழாய்க்காரர் லூ வருவார். குளிரில் குழாய் வெடிக்காமலிருக்க, கோடையில் மட்டும் ஆள் தங்கும் வீடுகளிலெல்லாம் தண்ணீரை நிறுத்திக்கொண்டு வருகிறார். வழக்கம்போலக் கோடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம் வீட்டையும் சேர்த்திருக்கிறார். "எப்பம்மா பிலடெல்பியா கிளம்புறீங்க?" என்று போனில் கேட்டார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இனி வருடம் முழுக்கக் கடற்கரையிலேயே இருப்போம் என்று எங்களை இழுத்து வந்தவன் நீ. கிளம்பவில்லை என்று நீயே சொல்.

மோரின்

பி.கு: வாசலுக்குப் போனால் லூ வண்டியை நிறுத்துகிறார். நானே சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்டுல தண்ணிய நிறுத்தாதீங்க. நாங்க இங்கதான் இருக்கப்போறோம்."

"குளிர்காலம் பூராவா? பைத்தியமா உங்களுக்கு?"

"எனக்கில்ல, என் புருஷனுக்கு."

சிரித்துவிட்டு எதிர்வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார். அவசரத்துக்குத் திறக்கத் தெருவில் நம்மைத் தவிர ஆளில்லையாம். சர்க்கரை டப்பாவில் போட்டிருக்கிறேன்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இருட்டுவதற்குள் அந்த வீட்டு வாசல் விளக்கைப் போட்டு வை. நான் வேலை முடிந்து வரும்போது, இன்னொரு வீட்டிலும் யாரோ இருப்பதுபோல் தெரியட்டும்.